சிவந்த தோல்

எங்கள் வீட்டில் ஒரே ஒருத்திதான் சிவப்பு, என் தங்கை சிட்டு. அந்த நிறத்தைக் கட்டிக் காப்பதே அம்மாவுக்கு முழுநேர வேலை. "வெயில்ல போகாதடி, கறுத்துடுவ" என்பாள் அவளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ போயிட்டு வா, இதுக்கு மேல நீ கறுக்க என்ன இருக்கு" என்பாள். கடைக்கு ஓடுவதும் மாடியில் துணி உலர்த்துவதும் நான்தான். சிட்டு உள்ளே உட்கார்ந்து படம் வரைவாள். பொய் சொல்வானேன், எனக்கு வயிறெரியும்.

வளர்ந்த பிறகு ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. தரைக்கடியில் ஜன்னலில்லாத அறை. நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்க வேண்டும். விடியுமுன் வேன் வந்து அழைத்துப் போகும், பொழுது சாய்ந்த பின் கொண்டுவந்து விடும். லீவு நாளில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள்.

முப்பத்திரண்டு வயதில், "இடுப்பு வலிக்குது, தொடை எலும்பெல்லாம் குடையுது" என்று ஆரம்பித்தாள். பார்த்தால் வீக்கம்கூட இல்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுவாள். நடை வாத்து நடையாகிவிட்டது. "உடம்பு வணங்காதவளுக்கு எல்லா இடமும்தான் வலிக்கும்" என்றார் மேற்பார்வையாளர். அவள் புருஷனும் அதையே பாடினான். சீராட்டி வளர்த்த பெண் இப்படித்தான் இருப்பாள் என்று நானும் சேர்ந்துகொண்டேன். டாக்டரிடம் போகலாம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

ஒருநாள் மாடிப்படியில் நின்று, "அக்கா, பையைக் கொஞ்சம் வாங்கிக்கோயேன், கால் வரல" என்றாள்.

"போதும்டி உன் நொண்டிச் சாக்கு" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் ஏறிப் போனேன்.

அதன்பிறகு அவள் வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து, வேலையிடத்தில், ஈர விரிப்பு ஒன்றை உதறும்போது தொடை எலும்பு முறிந்தது. கால் வழுக்கவும் இல்லை, அவள் விழவும் இல்லை.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புது முறிவைத் தவிரப் பழைய விரிசல்கள் மூன்று இருந்தன. "உடம்புல வைட்டமின் டி சுத்தமா இல்ல. வெயில் பட்டாதான் தோல் அதை உண்டாக்கும். அது இல்லேன்னா எலும்புல சுண்ணாம்புச் சத்து பிடிக்காது, எலும்பு மெத்துனு போயிடும். இந்த விரிசலோட எப்படிம்மா நின்னீங்க? உயிர் போற மாதிரி வலிச்சிருக்குமே."

முறிந்த காலுக்கு ஆபரேஷன் தனி; எலும்பு மெத்தென்று போனதற்கு மாத்திரை எழுதினார், தினமும் வெயிலில் உட்காரச் சொன்னார். அவ்வளவுதான் வைத்தியம். ஒரு வருஷம் முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்திருக்க மாட்டாள். இனி கோலில்லாமல் நடப்பாளா என்பது ஆறு மாதம் போனால்தான் தெரியுமாம்.

நடப்பேனா என்று சிட்டு கேட்கவில்லை. டாக்டரம்மா போகும்வரை காத்திருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அப்போ எனக்கு நெஜமாவே வலிச்சுதா? நீங்க எல்லாரும் சொன்னதுல எனக்கே சந்தேகமா போயிடுச்சு."