பூஜை விடுமுறையில் வளர்த்த செல்கள்

ஜெபக்கூட்டத்தில் பாதி சொல்லும்போதே அழுதுவிட்டேன். அதனால் முழுவதையும் எழுதித் தருகிறேன்.

நான் கொல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுக்கும்போது, செல்லுக்குள் எந்தப் புரதம் அந்த வேலையைத் தொடங்கிவைக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. மூன்று வருடம் தேடி ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தேன். கட்டுரையை அனுப்பினோம். சோதனையை இன்னொரு முறை செய்து காட்டுங்கள் என்று பத்திரிகையில் கேட்டார்கள். அதற்கென்ன என்று உட்கார்ந்தேன். வரவில்லை. ஜனவரி முழுக்கச் செய்தேன், பிப்ரவரி முழுக்கச் செய்தேன். படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியவேண்டிய அந்தப் புரதம் தெரியவே இல்லை. அப்படியானால் மூன்று வருடமும் பொய்யா? பழைய படத்தையே புதிதுபோல அனுப்பிவிடலாமா என்றுகூட மனது போனது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

"அந்தக் கோடு வரணும் ஆண்டவரே" என்று தினமும் முழங்காலில் நின்றேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர், தூத்துக்குடிக்காரர், ஒரு காலையில் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இது ஜெபம் மாதிரி இல்லயே. ஆர்டர் போடுத மாதிரில்லா இருக்கு."

கோபம் வந்தது. ஆனால் பஸ்ஸில் போகிற வழியெல்லாம் அது குத்திக்கொண்டே இருந்தது. அன்றுதான் மாற்றிக் கேட்டேன். உள்ளது எதுவோ அதைக் காட்டும், என் தப்பாக இருந்தாலும் காட்டும் என்றேன்.

அன்று மத்தியானமே ஆண்டவர் காட்டினார். கூட வேலை செய்யும் மௌசுமி தீதி (அக்காவை இங்கே தீதி என்றுதான் கூப்பிடுவோம்), செல்லின் உட்கருவை நீலமாக ஒளிரவைக்கும் ஒரு சாயத்தைப் பழகிப் பார்க்க என் செல்களில் கொஞ்சம் வாங்கிப் போனார். சற்று நேரத்தில் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு. உட்கருவுக்கு வெளியே ஏன் இவ்வளவு பொடிப் புள்ளி?"

வெளியே நீலம் இருக்கக்கூடாது. இருந்தால் அது கிருமி. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, ஆனால் செல்லின் குணத்தையே மாற்றிவிடும்.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். துர்கா பூஜைக்கு ஆய்வுக்கூடம் மூடும்போது எல்லாரும் செல்களை உறையவைத்துவிட்டுத்தான் போவார்கள். எனக்கேது பூஜை என்ற பெருமையில் நான் மட்டும் பந்தல் கூட்டத்துக்குள் புகுந்து தினமும் போய் என் செல்களை வளர்த்தேன். அஷ்டமியன்று ஊட்டத் திரவம் தீர்ந்துவிட்டது. ஸ்டோர் பூட்டியிருந்தது. யாரோ பாதி வைத்துவிட்டுப் போன பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றினேன். பிறகு கிருமிச் சோதனையும் செய்யவில்லை. ஜனவரியிலிருந்து நான் சோதனைக்கு எடுத்ததெல்லாம் அந்தச் செல்கள்தான்.

மறுநாள் எல்லார் முன்னாலும் ஒன்றுவிடாமல் சொன்னேன். செல் வளர்க்கும் அதே வெப்பப் பெட்டியில் இருந்த மற்றவர்களின் செல்களையும் அழிக்கவேண்டி வந்தது. தீதியின் நாலு மாத வேலை போயிற்று. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "பூஜைக்கு முன்னாடி, முதல்ல கோடு வந்தப்போ கொஞ்சம் உறையவெச்சியே, அது உன்கிட்ட இருக்குல்ல? எடு, சேர்ந்தே செய்வோம்" என்றார். அந்த மனதையும் ஆண்டவர்தான் கொடுத்தார்.

அந்தச் செல்களில் கோடு வந்தது. மூன்று முறையும் வந்தது. மூன்றாவது முறை தீதி தனியாகச் செய்தார், நான் பக்கத்தில்கூடப் போகவில்லை. கட்டுரை ஏற்கப்பட்டது. கிருமி பட்டதையும் அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறோம். இப்போதெல்லாம் எனக்கு வேண்டிய விடையை நான் கேட்பதில்லை.

நெருக்கடியில் இருக்கிறவர்களே, உள்ளதைக் காட்டும் என்று தைரியமாகக் கேளுங்கள். நிச்சயம் காட்டுவார். ஆனால் காட்டும்போது தட்டிக்கழித்துவிடாதீர்கள். அன்று செல் கேட்டு வந்த தீதியிடம், "இன்னைக்கு முடியாது, வேற யார்கிட்டயாவது கேளுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது.