அடித்தால் வரும் மூச்சு

என்னைப் பார்த்துப் பயந்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தவன் நான்தான் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பவேண்டும் என்று இதை எழுதவில்லை. நான் அடித்தவர்களில் ஒருவருக்காவது காரணம் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். காரணம் தெரிந்தால் வலி குறைந்துவிடுமா என்று கேட்டால் குறையாதுதான்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்குப் பத்தொன்பது வயது. அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழை பெய்தால் கடலை போடுவோம். பெய்யாவிட்டால் சடுகுடு ஆடுவோம். நான் பாடிப் போகிறவன். ஒரே மூச்சில் 'சடுகுடு சடுகுடு' என்று சொல்லிக்கொண்டே எதிராளிகள் பக்கம் போய், ஒருவனைத் தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். நடுவில் மூச்சை விட்டால் நான் வெளியே. மேலே ஏழு பேர் கிடந்தாலும் அடியிலிருந்து என் பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும் என்று சுற்று வட்டாரத்தில் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்குத் தலை கால் புரியாது.

எங்கள் ஆட்டத்தில் யாருக்காவது எலும்பு பிசகவில்லை என்றால் பார்க்க வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். தாடையில் முழங்காலை ஏற்றுவோம், கண்ணில் மண்ணைத் தேய்ப்போம். ஒருமுறை அன்னவாசல் திருவிழாவில் கடைசிப் பாட்டு என்னுடையது. ஒருவன் என் கணுக்காலைப் பிடித்தான். மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். முகம் மண்ணுக்குள் போய்விட்டது. பாட்டை விடாமல் காலை உதறித் திருகினேன். என் அடியில் ஏதோ 'மடக்'கென்றது. கையை நீட்டிக் கோட்டைத் தொட்டேன். எழுந்து பார்த்தபோது காலைப் பிடித்தவனின் தோள்பட்டை கழன்று கை வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அவன் கத்திக்கொண்டிருந்தான். கோப்பை எங்களுக்கு. என்னைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள்.

மறுநாள் காலையில் பழைய சோற்றில் முதல் வாய் எடுத்தேன். மூச்சு நின்றுவிட்டது. தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை. ஆனால் நெஞ்சு ஏறவில்லை. காது அடைத்தது, விரல்கள் மரத்தன, இதோ சாகப்போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. என் கூட ஆடுகிறவன், பக்கத்து வீட்டுக்காரன், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, மொளகாயக் கடிச்சிட்டியா? இந்த முழி முழிக்கிற!" என்று சிரித்தான்.

ஓங்கி அறைந்தேன். அவன் உதடு கிழிந்து ரத்தம் சோற்றில் சொட்டியது. அந்த நொடியே எனக்கு மூச்சு வந்தது. அப்படித்தான் என் மருந்தை நான் கண்டுபிடித்தேன்.

அதை யாரிடம் போய்ச் சொல்வது? கால் வலிக்கிறது என்றால் எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். மூச்சுக்குப் பேர் வாங்கியவன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சு நின்றுபோகிறது என்றால் சிரிப்பார்கள். ஒரே ஒருமுறை புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனேன். அவரிடமும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, நெஞ்சு வலி என்று மட்டும் சொன்னேன். அவர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சா இது, கருங்கல்லு. போய்யா, போயி வேலையப் பாரு" என்று முதுகில் தட்டி அனுப்பினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வருஷம் ஓர் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த கருவாட்டு வியாபாரி ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். கட்டுமாவடிக் கடற்கரையில் அவருக்கு மீன் காயவைக்கிற களம் இருந்தது. படகுகள் காலையில் கரைக்கு வந்ததும் மீனைக் கூடை கூடையாக மணலில் வைத்து ஏலம் விடுவார்கள். அவர் எடுத்துக் காயவைத்து உள்ளூர்ச் சந்தைகளுக்கு அனுப்புவார். ஏலத்தில் அவருக்கு மேலே யாரும் விலை கேட்காமல் பார்த்துக்கொள்வதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி. எம் பக்கத்துல சும்மா நின்னாப் போதும்" என்றார்.

சும்மா நிற்பதுதான் எனக்கு ஆகாத காரியம். ஏலம் அமைதியாக நடக்கும் நாட்களில்தான் மூச்சு நிற்கும். சண்டை நடுவில் ஒரு நாளும் நின்றதில்லை. அதனால் யாராவது ஒரு வார்த்தை அதிகமாகப் பேசமாட்டானா என்று காத்துக்கொண்டிருப்பேன். முதல் மாதத்திலேயே ஒரு சில்லறை வியாபாரி என் முதலாளியைவிட உயர்த்திக் கேட்டார். அவரைக் கூடையோடு தூக்கிக் கடல் தண்ணீரில் போட்டு, எழுந்திருக்க எழுந்திருக்க மிதித்தேன். அறந்தாங்கியிலிருந்து வந்த இன்னொருவரைத் துடுப்பால் வாயில் அடித்தேன். முன்பல் இரண்டு மணலில் விழுந்தன. அவர் குனிந்து அதைத் தேடினார். பல்லை எடுத்து என்ன செய்யப் போகிறார் என்று நான் கேலி பேசினேன், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது பயத்தில் என்று எனக்குத் தெரியும். பயத்தை என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

முதலாளிக்கு என்மேல் அத்தனை பிரியம். "ஒன் கோவம் இருக்கே, அது எனக்கு ரெண்டு லாரிக்குச் சமம்" என்பார். அவருக்குக் கால் வீங்கி நடமாட முடியாமல் போனபோது களத்தை எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். முப்பது வயதுக்குள் சொந்தமாகக் களம், ஒரு லாரி, கருவாடு புரட்டப் பதினைந்து பேர் என்று ஆனேன். வெறும் கையோடு வந்தவன் எப்படி வளர்ந்துவிட்டான் பார் என்று எங்கள் ஊரில் என்னை உதாரணம் காட்டினார்கள். அஞ்சாத நெஞ்சு என்றார்கள். அந்த வருஷங்களில் வாரத்துக்கு இரண்டு முறையாவது சாகப்போகிறேன் என்று நினைத்தேன். முடி வெட்டிக்கொள்ளும்போது, பஸ்ஸில் போகும்போது, கோயிலில் கைகூப்பி நிற்கும்போது. கோயிலில் நின்ற அன்று வெளியே ஓடி வந்து, செருப்புக்குக் காவல் இருந்த மனுஷனை உதைத்தேன். அவர் என்ன பாவம் செய்தார்?

கந்தர்வக்கோட்டைப் பக்கம் பெண் எடுத்தேன். முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பம். என் மனைவிக்கு எதையும் நேராகப் பார்க்கிற கண். மீன் வாடைக்கு முதல் மாதம் முழுக்க முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கடல்ல குளிச்சாலும் ஒங்க மேல இந்த நாத்தம் போகாது போல" என்று கிண்டல் செய்வாள். நான் வேலைக்காரர்களை அடிப்பதை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"ஏங்க, கோவம் வந்தா மொகம் செவக்கத்தானே செய்யும்? ஒங்களுக்கு ஏன் வெளுக்குது?"

என் ரகசியத்துக்கு அவ்வளவு பக்கத்தில் யாரும் வந்ததில்லை. வாயை மூடு என்று கத்தினேன். எழுந்து போய்க் களத்தில் ஒருவனைத் தேடினேன், அடித்தேன்.

மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கை கழுவ எழுந்தேன், மூச்சு நின்றது. எப்போதும் வருவதைவிடக் கடுமையாக இருந்தது, கண் இருட்டியது. அவளை அடிக்கக் கூடாது என்ற நினைப்பு அப்போதும் இருந்தது. இருந்தது என்று சத்தியம் செய்வேன். அதனால்தான் கல்தூணில் குத்தினேன். இரண்டு விரல் முறிந்தது, மூச்சு வரவில்லை. மறுபடி குத்தினேன். தூணில் ரத்தம்தான் ஒட்டியது. அவள் ஓடி வந்து என் தோளைப் பிடித்து, "என்ன செய்யுது, சொல்லுங்க, என்ன செய்யுது?" என்று உலுக்கினாள்.

முறியாத கையால் அவள் இடது காதில் அடித்தேன். ஆட்டத்தில் ஆளைச் சாய்க்கிற அடி. அம்மிக்கல்லின் மேல் விழுந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. எனக்கு மூச்சு வந்தது. நன்றாக, சுகமாக வந்தது. அவள் கீழே கிடக்க, நான் நின்றுகொண்டு வாய் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் நான் வெட்கப்படுகிற நேரம் அதுதான். அடித்ததற்குக்கூட இவ்வளவு வெட்கமில்லை. அந்தக் காற்று இனித்தது, அதற்குத்தான்.

அன்றே பஸ் ஏறி அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நான்கு நாள் கழித்து, கட்டுப் போட்ட கையோடு போய் உட்கார்ந்தேன். அவளுடைய அப்பா, பெரியப்பா, என் பக்கத்தில் என் மாமா. எனக்கு நாலு வார்த்தை விழும் என்று எதிர்பார்த்துப் போனேன். பெரியப்பா எனக்கு மோர் கொடுத்து உபசரித்தார்.

"மாப்ள கோவக்காரருன்னு தெரிஞ்சுதானே குடுத்தோம். அந்தக் கோவம் இல்லாட்டி அந்தக் கடக்கரையில தொழில் பண்ண முடியுமா? பொண்ணுக்குப் புத்தி சொல்லி அனுப்பி வைக்கிறோம்" என்றார்.

அவர் திட்டியிருந்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். பாராட்டியதுதான் தாங்கவில்லை.

"கோவம் இல்ல மாமா. பயம்" என்றேன் பெரியப்பாவிடம். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய சோற்றிலிருந்து கல்தூண் வரைக்கும். பெரியப்பா சிரித்துவிட்டார்.

"வெளையாடாதீங்க மாப்ள. ஒங்களுக்குப் பயமா?"

என் மாமா என் தொடையைக் கிள்ளினார், பேசாதே என்று. அப்போது அவள் உள்ளேயிருந்து வந்தாள். காதில் பஞ்சு வைத்திருந்தாள், முகத்தின் அந்தப் பக்கம் கறுத்து வீங்கியிருந்தது. எங்களில் அவள் ஒருத்திதான் நம்பியிருந்தாள்.

"மூச்சு நின்னா எம்புட்டு நேரம் நிக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒருமுறைகூட அது தானாக முடியும் வரை நான் இருந்து பார்த்ததில்லை.

"ஒரு தடவ யாரையும் அடிக்காம இருந்து பாருங்க. செத்துப்போனீங்கன்னா நான் தாலிய அறுத்துக்கிறேன். சாகலன்னா வந்து கூப்பிடுங்க" என்றாள். பெரியப்பா அவளை அதட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பதினொரு நாள் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை ஏலத்தில் வந்தது. ஒரு கூடை வாளை மீனுக்கு நான் விலை சொன்னேன். பல் போன அறந்தாங்கிக்காரர் எனக்கு மேலே ஒரு விலை சொன்னார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒருவர் அப்படிச் சொன்னது. கரையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த அமைதியில் மூச்சு நின்றது. அடிக்க ஆள் ஒரு முழத்தில் நிற்கிறார். காரணமும் அவரே கொடுத்துவிட்டார். கையை ஓங்கினால் போதும், உயிர் வந்துவிடும்.

நான் மணலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையையும் நல்ல கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நான் துடுப்பை எடுக்கத்தான் குனிகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் முந்திக்கொண்டார். துடுப்பு என் தோளில் இறங்கியது, அடுத்தது முகத்தில். நான் திருப்பி அடிக்கவில்லை என்றதும் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் நான்கு பேர். என் களத்து ஆள் ஒருவனும் அதில் இருந்தான். உதைத்தார்கள். மூக்கு உடைந்தது. ஒரு விலா எலும்பு போனது. யாரோ என் முடியைப் பிடித்து மீன் கூடைக்குள் அழுத்தினார்கள். அவ்வளவிலும் அடி ஒன்றும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூச்சு, மூச்சு, அது ஒன்றுதான். கை தொடைக்கு அடியிலேயே இருந்தது. செத்தாலும் சரி என்று கிடந்தேன்.

அவர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. முதலில் கொஞ்சம், மூக்கின் ரத்தத்தோடு. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு சாதாரணமாக. யாரும் வரவழைக்காமல், அதன் பாட்டுக்கு வந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அடிதாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து அவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பஸ் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அவள் வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து வந்தாள்.

"எம்புட்டு நேரம் இருந்துச்சு?" என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்று இருந்தது.

"ஒரு வெத்தல மடிச்சுப் போட்டு மெல்லுற நேரம்" என்றேன்.

அவள் வலது காதை என் பக்கம் திருப்பி, மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அம்புட்டு நேரந்தானா?" என்றாள். சொல்லிவிட்டு இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்று அவள் என்னோடு வரவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் வந்தாள்.