கலுங்கு அடைத்த வருஷம்

"ஓவர்சியரே, குளத்துக்கரை கசியுது. சட்டுன்னு வாரும்."

திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்திருந்த காலம். மராமத்து இலாகாவில் சேர்ந்து பூதப்பாண்டி பக்கம் வந்த முதல் வருஷம், மதியச் சோற்றில் கை வைத்தபோது மடைக்காரர் செல்லப்பன் வந்து சொன்னது இது. கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் எங்கள் மழையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வருஷத்துக்கு இரண்டு மழை. இடவ மாதம், அதாவது வைகாசியில், மேற்கிலிருந்து வருவது கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லுக்கு. துலா மாதம், ஐப்பசியில், கிழக்கிலிருந்து இடியோடு வருவது கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்துக்கு. முதல் பூவை அறுத்த பிறகு இரண்டாம் மழை வந்தால் தொல்லையில்லை. அந்த வருஷம் இடவ மழை பிந்தியது, அதனால் விதைப்பும் பிந்தியது. துலா மழை கொட்டத் தொடங்கியபோது கன்னிப்பூ இன்னும் வயலில் நின்றது.

இன்னொரு காரியமும் நடந்திருந்தது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கலுங்கு உண்டு. அதில் வரிசையாகக் கல்தூண்கள் நிற்கும். மழை ஓய்கிற சமயத்தில் அந்த இடைவெளிகளைப் புல்லோடு பெயர்த்த மண்கட்டியான புல்பத்தையும் மண்ணும் வைத்து அடைத்து, இன்னும் ஒரு முழம் தண்ணீர் தேக்குவது வழக்கம். முந்தின வருஷம் துலா மழை பொய்த்துக் கும்பப்பூ கருகியிருந்தது. அந்தப் பயத்தில் இந்த முறை மழைக்கு முன்பே அடைத்துவிட்டார்கள்.

கரையில் ஏறிப் பார்த்தேன். தண்ணீர் கரை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்பக்கம், கரையின் அடியில் ஊற்று ஓடியது. அதற்குக் கீழே வீடுகள். கூரைகளில் அடுப்புப் புகை.

கசிவு எல்லாக் குளத்திலும் உண்டு. தெளிந்து வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். செல்லப்பன் டீக்கடையிலிருந்து ஒரு கண்ணாடி கிளாஸ் கொண்டுவந்தார். பிடித்துப் பார்த்தேன். செம்மண் நிறம்.

கலுங்கின் மேல் தாணு அண்ணாச்சி மண்வெட்டியோடு காவல் நின்றார். கலுங்குத் தண்ணீர் போகும் ஓடையோரத்துத் தாழ்ந்த வயல் அவருடையது. கலுங்கைத் திறந்தால் முதலில் மூழ்குவது அதுதான். அங்கே அவர் மனைவி சிவகாமியும் சில பெண்களும் மழையிலேயே அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"போன பூவும் போச்சு ஓவர்சியரே. இதுவும் போனா வீட்டுல விதைநெல்லு கூட கெடையாது. பொழுது சாயட்டும், அறுத்துக்கிடுதோம்."

"அதுவரைக்கும் கரை நிக்காது அண்ணாச்சி."

"நிக்கும்வே. எங்க பூட்டன் காலத்துக் கரையாக்கும்."

கிளாஸை நீட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மண் அடியில் படிவதைப் பார்த்தார். பிறகு வயல் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி சிவகாமி, அருவாளப் போட்டுட்டு எல்லாரும் கரையேறுங்க."

மழை இரைச்சலில் அவர்களுக்குக் கேட்கவில்லை. செல்லப்பன் இறங்கி ஓடினார். அவர்கள் ஏறும்வரை கலுங்கைத் தொட முடியாது. அதுவரை கரை தாங்குமா என்பதும் தெரியாது. மறுபடி கிளாஸில் பிடித்தேன். முன்னைவிடச் சிவப்பு. என் உத்தியோக காலத்தில் வேறெப்போதும் அவ்வளவு பயந்ததில்லை. பெண்கள் அறுத்த நெற்கட்டைத் தலையில் சுமந்துகொண்டே சேற்றில் கால் புதையப் புதைய வந்தார்கள். கட்டைப் போட்டுவிட்டு வரச்சொல்லிக் கத்தினேன். யாரும் போடவில்லை.

கடைசியாகச் சிவகாமி ஏறியதும், நான் சொல்லக் காத்திராமல் தாணு அண்ணாச்சியே முதல் புல்பத்தையை வெட்டினார். விளைந்த வயல் எங்கள் கண் முன்னாலேயே மூழ்கியது. சிவகாமி தலையிலிருந்த கட்டை இறக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றப் பெண்களின் கட்டுகள் அறுப்புக் கூலிக்குப் போக, அந்த ஒரு கட்டுதான் அவர்கள் வீட்டுக்குப் போன விளைச்சல்.

கரை நின்றது. கீழே வீடுகளில் ராத்திரிச் சோறு வெந்தது. அண்ணாச்சி அதன்பின் என்னோடு பேசவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

நான் அன்று படித்தது இவ்வளவுதான்: ஒரு மழை பொய்த்ததற்குப் பயந்து, இன்னொரு மழை கொட்டும் என்பதை மறக்கக் கூடாது. கரை பார்க்கிறவனுக்கு இரண்டு பயமும் வேண்டும்.

அடுத்த துலாத்தில், முதல் பெருமழையன்று கரைக்குப் போனேன். கசிவுக்குப் பக்கத்தில் எனக்கு முன்பே ஒருவர் குந்தியிருந்தார். தாணு அண்ணாச்சி. கையில் ஒரு கண்ணாடி கிளாஸ்.

"தெளிஞ்சுதான் இருக்கு. நீரு போயிச் சோறு தின்னும்" என்றார்.

நான் போகவில்லை. அவர் பக்கத்திலேயே குந்திக்கொண்டேன்.