கூடையில் இருந்தது கோழி அல்ல

எழுதத் தகுதியில்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவியின் பூனையைத் துடிக்கத் துடிக்கச் சாகவிட்டவன் நான். அவளுக்கு இன்றுவரை தெரியாது!

குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். வீடு இலஞ்சியில். பிள்ளையில்லாத வீடு... செல்லம்மாள் பேசுவதெல்லாம் அந்தச் சாம்பல் பூனையிடம்தான்.

ஒரு சாரல் காலத்துக் காலையில் அது அலறிக்கொண்டே பின்னங்கால்களைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தது.

"காலு ரெண்டும் சில்லுன்னு கெடக்கு. தென்காசி மாட்டு டாக்டர்ட்ட கொண்டு போங்க."

"சாரக் காத்து பிடிச்சிருக்கும். தேச்சா சரியாப் போவும்."

"ஒங்களுக்கு எதைப் பாத்தாலும் தேய்க்கணும்! கெளம்புங்க மொதல்ல."

கூடையில் வைத்து எடுத்துப் போனேன். ஆஸ்பத்திரி வாசல் முழுக்க உழவு மாடுகள். என் கூடையைப் பார்த்து ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, உள்ள காளையா? லாடம் அடிக்கணுமோ?"

"கோழி..." என்றேன். அந்த நேரம் பார்த்துப் பூனை கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டர் வெளியே வந்து, "அடுத்து யாரு?" என்றார். என்னைத்தான் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தேன். ஒரு சிரிப்பைத் தாங்க முடியாதவன் எப்படிப்பட்ட மனிதன்?

வீட்டில் சொன்னேன்: "டாக்டர் பாத்தாரு. எண்ணெயச் சூடாக்கித் தேய்க்கச் சொன்னாரு."

அவள் பிடித்துக்கொண்டாள், நான் தேய்த்தேன். ஐயோ, அந்த அலறல்! அவள் பூனையின் காதோடு சொன்னாள்: "டாக்டர் சொல்லிருக்காருட்டி, பொறுத்துக்கோ."

விளக்கு வைக்கும் நேரத்தில் அது செத்தது.

பல வருடம் கழித்து, அருவிக்கு வந்த ஒரு கால்நடை டாக்டருக்கு எண்ணெய் தேய்க்கையில், யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். "காலுக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கும். தேய்க்கவே கூடாது, உயிர் போற வலி. அப்பவே கொண்டு வந்திருந்தா, பிழைக்குமோ என்னவோ, வலியையாவது குறைச்சிருக்கலாம்" என்றார். என் கை அவர் முதுகிலேயே நின்றுவிட்டது.

நீங்கள் பூனை வளர்க்கிறீர்களா? அது திடீரென்று காலை இழுத்தால், தள்ளாடினால், ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தால், கைவைத்தியம் பார்க்காதீர்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்...

இதைச் செல்லம்மாளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

பூனை செத்த மறுநாள், அதைப் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கச் சொல்லி அவள் ஒரு பலாப்பழம் தந்தாள். வாங்கிக்கொண்டு போனேன்.