ஆமெனுக்கு முன்னால்

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணுவது என் வீட்டுக்காரர். அதை முடித்து வைப்பது நான். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் நடந்து வந்தது.

அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். சட்டைப் பொத்தானை அவர் கழற்றி முடிப்பதற்குள் நான் ஒரு பானைச் சோற்றை வடித்து இறக்கிவிடுவேன். நானோ, மில்லர்புரம் ஸ்டாப் வருமுன்னே எழுந்து பஸ் படியில் நிற்கிற ஆள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் கொண்டு போட்ட ஆண்டவருக்குக் குசும்பு ஜாஸ்தி.

மனுஷர் கண்ணை மூடினால் லேசில் திறக்க மாட்டார். கடலில் நிற்கிற கப்பல்களுக்காக, வலை போடப் போனவர்களுக்காக, உப்பளத்தில் வெயிலில் காய்கிறவர்களுக்காக, பக்கத்து வீட்டு அக்காவின் முழங்காலுக்காக, கடைசியில் விளாத்திகுளத்தில் என் நாத்தனாருடைய மிளகாய்க் காட்டுக்கு ஒரு மழைக்காக. எதிரே சீலாமீன் குழம்பு ஆறிப்போய் மேலே எண்ணெய் படிந்து நிற்கும். மிளகாய்க் காடு முடிந்ததும் கொஞ்சம் மூச்சு விடுவார். எனக்கு அந்தச் சந்து போதும். "ஆமென்!" என்று ஓங்கிச் சொல்லி அகப்பையை எடுத்துவிடுவேன். அவர் "இயேசுவின் நாமத்தினாலே" என்று முணுமுணுத்துக்கொண்டு என் ஆமெனுக்குப் பின்னால் ஓடி வருவார்.

இத்தனை அவசரத்திலும் அந்த ஜெபத்தில் ஒரு பேர் வராதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் மகளுடைய பேர்.

ஒரே மகள். பெங்களூருக்கு வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்த பையனைப் பதிவுத் திருமணம் பண்ணிக்கொண்டு, அதற்கப்புறம்தான் போனில் சொன்னாள். கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, சொந்தபந்தத்தைக் கூட்டி, தன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே நடந்து வருவாள் என்று நினைத்திருந்த அப்பா. அன்றைக்கு அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இனிமே இந்த வீட்ல அவ பேச்சு எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஊரில் உள்ள முழங்காலெல்லாம் ஜெபத்தில் வரும், பெத்த பிள்ளை வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில் ஆமென் இன்னும் ஓங்கி விழும்.

மத்தியானம் அவர் கண் அசந்ததும் பின்வாசலில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவளோடு போனில் பேசுவேன். என்ன குழம்பு, அங்கே குளிரா என்று சுற்றிவிட்டு, வைக்கும்போது மட்டும் குரலை இறக்கிக் கேட்பாள்: "எம்மா, அப்பா என்னப் பத்தி ஏதும் சொன்னாங்களா?"

"ஊஹூம்."

"சரிம்மா" என்பாள். அந்தச் 'சரிம்மா'வைக் கேட்கத்தான் என்னால் முடியாது. எனக்கு அவளைப் பார்க்கணும், அவ்வளவுதான். பேக்கரியில் மக்ரூன் பொட்டலத்தைப் பார்த்தால் அவள் ஞாபகம்தான். வீடு வந்து சேரப் பொறுக்காமல் ரோட்டிலேயே பிரித்துத் தின்கிற பிள்ளை அவள். அந்த அவசரம் என்னிடமிருந்து அவளுக்குப் போனது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் எங்கள் போதகர், இந்த நாட்களில் அவசரத்தை உபவாசமாக விடுங்கள், ஆண்டவருக்குமுன் ஆற அமர இருந்து பாருங்கள் என்று பிரசங்கம் பண்ணினார். மீனை விடலாம், காப்பியை விடலாம், அவசரத்தை எப்படி விடுவதாம்? இருந்தாலும் முயற்சி பண்ணினேன். மறுநாள் மார்க்கெட்டுக்கு ஆடி அசைந்து போனேன். நல்ல மீனெல்லாம் தீர்ந்து, பெட்டியில் ஐஸ்தான் கிடந்தது. "போங்கய்யா, நீங்களும் உங்க பொறுமையும்" என்று திரும்பி வந்துவிட்டேன்.

அதே வாரம் கடைவாய்ப் பல் வலி உயிரை எடுத்தது. போய்ப் பிடுங்கிக்கொண்டு வீடு வர மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. டாக்டரம்மா பஞ்சை உருட்டி வைத்து, "நல்லா கடிச்சுக்கிடுங்க. நான் சொன்ன நேரம் வரைக்கும் வாயைத் திறக்கவே கூடாது" என்று அனுப்பினார். நான் வாயைத் திறக்கக் கூடாதாம். வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சந்தோஷத்தைப் பார்க்கணுமே!

பசி தாங்க மாட்டார் என்று அவருக்கு மட்டும் சோறு போட்டு எதிரே உட்கார்ந்தேன். கண்ணை மூடினார். கப்பல் வந்தது, வலை வந்தது, உப்பளம் வந்தது, முழங்கால் வந்தது, மிளகாய்க் காடு வந்தது. மூச்சு விட்டார். பழக்கத்தில் என் ஆமென் கிளம்பிப் பஞ்சில் முட்டி நின்றுவிட்டது.

அவர் காத்திருந்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். மூடின இமை துடித்துக்கொண்டிருந்தது. உதடு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

அப்புறம் அவள் பேரைச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பேர் இல்லை, சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு கூப்பிடுகிற பேர்.

"நேரத்துக்குச் சாப்பிடணும் ஆண்டவரே. அவளுக்குப் பசி பொறுக்காது" என்றார். பிறகு அவரே ஆமென் சொன்னார்.

கண்ணைத் திறந்து, "என்னளா, இன்னைக்கு ஆமென் போடல?" என்று கேட்டார். நான் வீங்கின கன்னத்தைக் காட்டினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெனமும் அவகிட்டதான் வாரேன். வார்த்தை வாரதுக்குள்ள நீ ஆமென் போட்டுருத" என்றார்.

அட மனுஷா! வாய் மட்டும் திறக்க முடிந்திருந்தால் அன்றைக்கு அவரைக் கிழிகிழி என்று கிழித்திருப்பேன். அத்தனை ஏச்சும் பஞ்சுக்குப் பின்னால் நிற்க, கண்ணிலிருந்துதான் கொட்டியது. பல் வலி என்று நினைத்து ஃபேனைக் கூட்டி வைத்தார்.

அன்று மத்தியானம் அவள் கூப்பிட்டபோதும் பஞ்சு வாயில்தான். பல் கதையை முன்னமே மெசேஜில் போட்டிருந்ததால் அவளே பேசினாள். கடைசியில், "அப்பா ஏதும்..." என்று இழுத்தாள்.

"ம்" என்றேன்.

"எம்மா, என்ன சொன்ன?" என்றாள்.

"ம்."

அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் வரட்டுமா?" என்று கேட்டாள். இந்த நிமிஷமே பஸ் ஏறு என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் சாப்பாட்டு மேசையில் திறந்து மூடின அந்த உதடு கண்முன் நின்றது. இப்போது நான் முந்தினால் மனுஷர் மறுபடி சாத்திக்கொள்வார். பஞ்சை இன்னும் இறுக்கிக் கடித்தேன். சாயங்காலம், "கொஞ்சம் பொறு மக்கா" என்று மெசேஜ் அனுப்பினேன். என் கையால் அந்த வார்த்தையை எழுதுவேன் என்று யார் கண்டது?

ஈஸ்டர் போயாச்சு. எங்கள் வீட்டில் ஆமென் இப்போது அவர் பொறுப்பு. மிளகாய்க் காட்டுக்கு அப்புறம் மூச்சு விடுவார், நான் பேசாமல் இருப்பேன், ஜெபத்தில் அவள் வருவாள். சில நாள் அவள் பேரோடு நின்றுவிடுகிறார். நேற்று, "அந்தப் பையனையும் காத்துக்கொள்ளும்" என்று ஒரு எட்டு எடுத்து வைத்தார். இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாரும் என்று அவர் வாயிலிருந்து வரணும். அது இன்னும் வரவில்லை.

பல் பிடுங்கின புண் எப்போதோ ஆறிவிட்டது. நான்தான் பஞ்சு இல்லாமலே பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறட்டும்.