நூல் வளர்ந்த நாள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு நூல் வளர்ந்தது. முருங்கை வளரும், நகம் வளரும், நூல் எப்படி வளரும் என்று வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. கண்ணால் கண்டவள் நான்.

அதை வளர்த்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. அப்பாவும் அவரும் பாரிசில் ஒரே அறையில் இருந்தார்கள். சித்தப்பாவுக்கு அங்கே தங்குவதற்கான காட், அதாவது அனுமதி அட்டை, கிடைத்துவிட்டது, அதனால் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வர முடிந்தது. அப்பாவுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்லியிருந்தும், பண்டத்தரிப்பில் எங்கள் வேலிப் படலையடியில் வான் வந்து நின்றபோது, சித்தப்பா இறங்கிய பிறகும் நான் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இரண்டு சூட்கேசுகள்தான் இருந்தன.

அப்பா போகும்போது நான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேனாம். அவருடைய முகம் எனக்கு நினைவில் இல்லை. அப்பா என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வரும் ஒரு குரல், "பிள்ளை சாப்பிட்டியோ?" என்று கேட்கும் குரல். அந்த வருடம் அந்தக் குரலும் வரவில்லை. அம்மா இங்கிருந்து அழைப்பு எடுத்தால் மணி அடித்து ஓய்ந்துவிடும். வந்த அன்றே அம்மா அதைத்தான் கேட்டார்.

"அண்ணைக்கு இப்ப இரவு வேலை அண்ணி. பகலிலை நித்திரை. அதுதான் எடுக்கிறேல்லை," என்றார் சித்தப்பா.

அம்மாவின் முகம் தெளிந்தது. இரவு வேலைக்காரரைப் பகலில் எழுப்பக்கூடாது என்று அதன்பின் எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

சித்தப்பா சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அம்மா வீட்டிலிருந்து பள்ளிச் சட்டைகள் தைத்துக் கொடுப்பவர். அவருடைய தையல் மெஷினிலிருந்து வெள்ளை நூலில் ஒரு முழம் இழுத்து எடுப்பார் சித்தப்பா. என் கண்ணுக்கு முன்னால் அதைத் துண்டு துண்டாக அறுப்பார். துண்டுகளைக் குண்டுமணியளவு உருட்டி விரல் நுனியில் பிடிப்பார்.

"ஊதுங்கோ பிள்ளை. உந்தக் காத்துக் காணாது, பலமா ஊதுங்கோ."

நான் கன்னம் வீங்க ஊதுவேன். அவர் இரண்டு கையாலும் மெல்ல இழுப்பார். முழு நூல் வரும், ஒரு முடிச்சும் இல்லாமல். நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்திருக்கிறேன், சட்டைக் கையை உதறிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. சித்தப்பாவால் முடியாதது ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டினேன். அப்பாவை மட்டும் ஏன் கூட்டிவர முடியவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

இந்த இடத்தில் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசன்மாருக்காகக் கேதாரகௌரி விரதம் பிடிப்பார்கள். மஞ்சள் பூசிய நூலில் நாளுக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வந்து, கடைசி நாள் கோயிலில் வைத்து எடுத்துக் கையில் கட்டுவார்கள். அதுதான் காப்பு. அடுத்த ஐப்பசி வரை கழற்றுவதில்லை. அம்மா வருடம் தவறாமல் மூன்று காப்புத் திரிப்பார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவதை வெள்ளைத் தாளில் மடித்து, கொஞ்சம் திருநீறும் சேர்த்து, பாரிசுக்குத் தபாலில் அனுப்புவார். அது போய்ச் சேரும் வரைக்கும் அம்மாவுக்கு நித்திரை சரியாக வராது.

தேர்த் திருவிழாவுக்கு இரண்டொரு நாள் முன்னர் அம்மாவின் காப்பு அறுந்தது. சவர்க்காரமும் கிணற்றுத் தண்ணீரும் பட்டுப் பட்டு வெளுத்து நைந்து போயிருந்த நூல். மெஷினின் சுழலும் சில்லில் மாட்டி இரண்டாக வந்துவிட்டது. நைந்த நூல் அறுவதற்கு யாரும் சாத்திரம் பார்க்க வேண்டியதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ பிள்ளை, கட்டின காப்பு தானா அறுந்தா அவருக்கெல்லோ கூடாது! அங்கை ஒருக்கா எடுத்துக் கதைச்சுப் பாரும்."

அம்மா எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் எடுத்தார். பிறகு இரண்டு துண்டுகளையும் கைக்குள் பொத்திக்கொண்டு மெஷினடியில் உட்கார்ந்துவிட்டார். உலையில் அரிசி போடவில்லை, தைக்கவும் இல்லை. அவர் அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். அப்பாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றே நானும் நம்பிவிட்டேன்.

நான் சித்தப்பாவிடம் ஓடினேன்.

"அம்மான்ரை காப்பு அறுந்திட்டுது. ஒட்டித் தாங்கோ."

"அது சாமி நூல் பிள்ளை. அதோடை விளையாடக் கூடாது."

"விளையாட்டில்லை! அப்பாவுக்குக் கூடாதாம்!"

நான் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதேன். சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு என் பிடியை விலக்கினார்.

"பொறுங்கோ. சாமிக் காரியம், கால் முகம் கழுவிப்போட்டு வாறன்."

கிணற்றடிக்குப் போய்க் கால் முகம் கழுவினார். தன் சூட்கேஸ் இருந்த அறைக்குள் போய் வேறு சாரமும் மாற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பயபக்தியைக் கண்டதும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அம்மாவுக்கு முன்னால் சம்மாணம் கொட்டி இருந்து கையை நீட்டினார். அம்மா பொத்திய கையைத் திறந்து துண்டுகளைக் கொடுத்தார். சித்தப்பா அன்று பகிடி ஒன்றும் விடவில்லை. துண்டுகளை உருட்டினார். ஊதச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் அப்பாவை நினைத்துக்கொண்டு ஊதினேன்.

நூல் வந்தது. முடிச்சு முடிச்சாக, முழுசாக வந்துகொண்டே இருந்தது. வெளுத்துப் போயிருந்த காப்பு அன்று பூசிய மஞ்சள் போலப் பளிச்சென்று வந்தது. அம்மாவின் மணிக்கட்டில் வைத்துச் சுற்றினார். முந்தி ஒரு சுற்றுக்கு அளவாக இருந்த நூல் சுற்றி முடிந்தும் மிச்சமாகத் தொங்கியது.

"அம்மா! நூல் வளந்திட்டுது! பாருங்கோ, வளந்திட்டுது!"

நான் துள்ளினேன். அம்மா தொங்கிய நுனியை விரலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த அறையிலை இப்ப நீங்கள் தனியவோ தம்பி?"

சித்தப்பா குனிந்துகொண்டார்.

"ஓம் அண்ணி."

"கனகாலமோ?"

"ஓம்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. நான் இந்த அதிசயத்தை மாமிக்குச் சொல்ல வேலிக்கு ஓடினேன்.

போன மாதம் என் மகள் கைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். யாரோ ஒருவன் நூலை அறுத்து ஒட்டும் வித்தையின் குட்டை உடைத்துக்கொண்டிருந்தான்.

"பாருங்கோ அம்மா, சும்மா ஏமாத்து. முதலே இன்னொரு முழு நூலை விரலுக்குள்ளை உருட்டி வைச்சிருக்கிறார்."

சிரித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அம்மாவின் கையில் கட்டிய காப்புக்கும் இன்னொரு நூல் வேண்டுமே. முடிச்சுப் போட்ட மஞ்சள் காப்பைச் சித்தப்பா அந்த நேரத்தில் எங்கே எடுத்தார்?

அம்மா பாரிசுக்கு அனுப்பியதைத்தான் எடுத்திருக்கிறார். ஆம்பிளைக் கை தடிப்பு என்று அப்பாவின் காப்பை எப்போதும் நீட்டித் திரிப்பார் அம்மா. அது அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாங்குவதற்கு அப்பா அங்கே இல்லை. வேறு ஊரில், வேறொருத்தியோடு, வேறு பிள்ளைகளோடு இருந்திருக்கிறார். இது பிறகு ஊருக்கே தெரிந்த கதை. கட்டாத காப்பை எறியவும் மனமில்லாமல், எங்களிடம் சொல்லவும் வாய் வராமல் சித்தப்பா பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறார். அம்மாவின் பயத்தைத் தீர்க்கப் போய், தான் மறைத்ததைத் தன் கையாலேயே இழுத்துக் காட்டிவிட்டார். அளவெடுத்துச் சீவிக்கிற பெண்ணிடம் ஒரு நூலின் நீளத்தை மறைக்க முடியுமா? நான் வளர்ந்துவிட்டது என்று கூத்தாடிய அந்த நிமிடத்தில் அம்மாவுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. எனக்கு அன்று அப்பா வேண்டும் போல இருந்தது. அம்மாவுக்கு எவ்வளவு வேண்டும் போல இருந்திருக்கும்?

அடுத்த ஐப்பசியிலும் அம்மா விரதம் பிடித்தார். இந்த முறை இரண்டு காப்புத்தான் திரித்தார். தபால் கந்தோருக்குப் போகவில்லை. எனக்குரியது என் கைக்கு அளவாக இருந்தது. மற்றதைத் தன் மணிக்கட்டில் சுற்றினார். நுனி மிச்சமாகத் தொங்கியது.

"ஏனம்மா இவ்வளவு நீளம்?" என்று கேட்டேன்.

"அது அந்த அளவிலைதான் வரும் பிள்ளை."

வளர்ந்த நூலைக் கட்டிப் பழகிய பிறகு அம்மாவுக்குச் சின்ன நூல் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாட ஓடினேன்.