செவுளில் கைவைத்தவள்

மீன் சந்தையில் அவளுக்குச் செதிலக்கா என்றுதான் பெயர். முப்பது வருஷமாக மீன் வெட்டுகிறவள். எவ்வளவு தேய்த்துக் குளித்துக் கிளம்பினாலும் காதோரம் ஒரு செதில் மினுக்கிக்கொண்டிருக்கும். பலகையில் மீன் துள்ளினால் மரக்கட்டையால் மண்டையில் ஒரே போடு. தொண்டையில் தூண்டில் முள்ளோடு வருகிற பெரிய மீன் லேசில் வாய் திறக்காது. இரண்டு பக்கமும் செவுளுக்குள் விரலைக் கொடுத்து ஓர் அமுக்கு அமுக்குவாள், வாய் பிளந்துகொள்ளும். அந்தப் பிடிக்கு மிஞ்சின மீன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

புருஷன் ஐஸ்காரர். சந்தைக்குப் பின்னால் ஐஸ் பாளங்களைக் கடப்பாரையால் உடைப்பது அவர் வேலை. இரண்டு பேருக்கும் கோபம் மூக்கு நுனியில். அவர் தட்டை எறிந்தால் அவள் சட்டியை எறிவாள். அவர் முழங்கையில் ஒரு தழும்பு, அவள் புருவத்தில் ஒன்று. எந்தச் சண்டையில் வந்ததென்று கேட்டால் இருவருமே முழிப்பார்கள். ஆனாலும் ஒரு நாள்கூடத் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

போன வருஷம் ஐஸ்காரருக்கு நெஞ்சில் பாரம். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கெட்ட கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, அடைப்பு ஆரம்பித்துவிட்டது என்று தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாசத்தில் கொழுப்பு நன்றாகவே இறங்கியது. அந்த நேரம் பார்த்து ஐஸ்காரரின் தம்பி, மீன் எண்ணெய் மாத்திரை விற்கிற வேலையில் சேர்ந்து, மஞ்சள் டப்பாவோடு வந்து நின்றான்.

“அண்ணி, முப்பது வருஷமா நமக்குச் சோறு போட்டது யாரு? மீனு. அது நம்மளக் கைவிட்டுடுமா? அந்த டாக்டர் மாத்திரையத் தூக்கி எறிங்க.”

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் யோசித்திருப்பார்கள். மீனை நம்பியே வாழ்ந்தவளுக்கு அந்தப் பேச்சு தேனாக இறங்கியது. டாக்டர் கொடுத்த மாத்திரைகளைத் தன் கையாலேயே மீன் குடல் போடுகிற வாளியில் கொட்டினாள்.

மூன்று மாசம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். தம்பி தாளை வாங்கி முதல் வரியைப் படித்துவிட்டுக் குதித்தான். “பாதியாக் குறைஞ்சிடுச்சுண்ணே!”

அவளுக்கு எழுத்து தெரியாது. இருந்தாலும் என்னவோ உறுத்தியது. மறுநாள் காலையில் தாளை மடியில் சொருகிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

“குறைஞ்சது வேற கொழுப்பும்மா. மீன் எண்ணெய் அதத்தான் இறக்கும். குழாய அடைக்கிற கொழுப்பு முன்ன இருந்ததுக்கும் மேல ஏறிடுச்சு. மாத்திரைய யாரும்மா நிறுத்துனது?”

“நான்தான் சார்,” என்றாள். அவள் வாழ்நாளில் தலை குனிந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

புது மாத்திரை வாங்கிக்கொண்டு சந்தைக்கு ஓடிவந்தால், அவளுடைய வெட்டுப் பலகைமேல் ஏறி நின்று கொழுந்தன் கத்திக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் கூட்டம். “எங்கண்ணனுக்குப் பாதியாக் குறைஞ்சிருக்கு! மாத்திரைய விட்டுட்டாரு, ராஜா மாதிரி இருக்காரு!”

செதிலக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தாள். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டாள். விறகுக் கட்டையாக விறைத்துக் கிடந்த மீனொன்றை வாலைப் பிடித்து உருவினாள். முதல் அடி முழங்காலில். பலகையிலிருந்து விழுந்தவனுக்கு இரண்டாவது அடி வாயில். பல்லொன்று தெறித்து எடைத் தட்டில் விழுந்தது. டப்பாக்கள் உருண்டு, மஞ்சள் மாத்திரைகள் காலடியில் பட்பட்டென்று உடைந்தன. எழுந்து ஓடப் பார்த்தவன் அந்த எண்ணெயிலேயே வழுக்கிக் குடல் வாளிமேல் போய் விழுந்தான். அவள் அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“குறைஞ்சத மட்டும் படிச்சியேடா, ஏறுனத எவன்டா படிப்பான்?” ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் அடி. அதில் பாதி அடி தனக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

“அண்ணி, செத்துடுவேன் அண்ணி!”

“விடுடி எந்தம்பிய!” ஐஸ்காரர் கடப்பாரையோடு பாய்ந்து வந்தார். தலைக்கு மேல் ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. கடப்பாரை நழுவிச் சிமெண்டுத் தரையில் கணீரென்று விழுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகம் குப்புறச் சாய்ந்தார்.

அண்ணியும் கொழுந்தனும் அவரை மீன் வண்டியில் தூக்கிப் போட்டார்கள். வாயில் ரத்தம் ஒழுக ஒழுக அவன் இழுத்தான், அவள் தள்ளினாள். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே தள்ளினாள்.

அடைத்த குழாய்க்குள் சின்ன வலைக்கம்பி வைத்து டாக்டர்கள் பிழைக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் மாத்திரையை நீட்டியபோது ஐஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

“எல்லாரும் சேந்து என்ன ஏமாத்துறீங்க. எனக்கு எதுவும் வேணாம்.”

நர்ஸ் கெஞ்சிப் பார்த்தாள். வீங்கின உதட்டோடு தம்பி காலைப் பிடித்து அழுதான். அவர் வாய் திறக்கவே இல்லை.

செதிலக்கா கட்டிலருகே வந்தாள். இரண்டு தாடைக்கும் விரல் கொடுத்து ஓர் அமுக்கு. வாய் பிளந்தது. மாத்திரையைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, வாயைப் பொத்தினாள்.

“முழுங்குய்யா.”

முழுங்கினார். “கை நாறுதுடி,” என்றார்.

“நாறட்டும். மூச்சு விட்டாத்தான்யா நாத்தம் தெரியும்,” என்றாள். கையை மட்டும் எடுக்கவில்லை.